தாய்லாந்து–கம்போடியா எல்லைச் சண்டையும் தலைவர்களின் சின்னப்பிள்ளைத்தனமும்

கேள்வி: எல்லைத் தகராறு என்று வந்துவிட்டால் பெரிய பதவியில் இருப்பவர்கள்கூட ஏன் சின்னப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொள்கிறார்கள்? 2025-ல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே நடந்ததைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்து வெளியிடுவது, சீரியலுக்குத் தடை போடுவது... இதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா, அல்லது வெறும் ஈகோவா?

பதில்:

இருக்கிறது. இந்தச் சேட்டைகளில் பெரும்பாலானவை பக்கத்து நாட்டுக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. ஒவ்வொன்றும் நடந்த தேதியை எடுத்து, அந்த மாதம் உள்ளூரில் தேர்தல் இருந்ததா, ஆட்சி ஆட்டம் கண்டிருந்ததா, எதிர்க்கட்சி தெருவில் இறங்கியிருந்ததா என்று பாருங்கள். முக்கால்வாசிக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். மீதி கால்வாசியில் நிஜமான குழந்தைத்தனமும் உண்டு. 2025-ல் ஆட்சியைக் கவிழ்த்தது அந்தக் கால்வாசிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இடம். இரு நாட்டுக்கும் நடுவே தாங்ரெக் என்றொரு மலைத்தொடர். தாய்லாந்துப் பக்கம் மெல்லச் சரிந்து ஏறும். கம்போடியப் பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக விழும். அந்த விளிம்பில், சுமார் 525 மீட்டர் உயரத்தில், கெமர் அரசர்கள் கட்டிய பிரே விஹியர் கோயில். சிவன் கோயில், கல்வெட்டுகளில் சிகரேஸ்வரர் என்று பெயர். அதன் படிக்கட்டுகள் வடக்கே, அதாவது தாய்லாந்தைப் பார்த்து இறங்குகின்றன. நீண்ட காலம் தாய்லாந்து வழியாக வருகிறவர் சாவகாசமாக நடந்து ஏறலாம், கம்போடியா வழியாக வருகிறவர் செங்குத்தில் மூச்சு வாங்க ஏற வேண்டும். ‘வாசல் எங்கள் பக்கம், கோயில் மட்டும் எப்படி அவர்களுடையது?’ என்று தாய்லாந்துக்காரர் கேட்பதற்கு இந்தப் படிக்கட்டு ஒரு பெரிய காரணம்.

1904-ல் சயாமும் (தாய்லாந்தின் பழைய பெயர்) அன்று கம்போடியாவை ஆண்ட பிரான்சும் போட்ட ஒப்பந்தம், மலையில் நீர் பிரியும் கோடே எல்லை என்றது. 1907-ல் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடமோ கோயிலைக் கம்போடியாவுக்குள் வைத்துவிட்டது. சயாம் அப்போதே ஆட்சேபித்திருக்க வேண்டும். அப்போதைய உள்துறை அமைச்சர் இளவரசர் தம்ரோங் என்ன செய்தார் தெரியுமா? நன்றி சொல்லி, இன்னும் 15 பிரதி அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். 1930-ல் அதே தம்ரோங் கோயிலைப் பார்க்கப் போனபோது பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி வரவேற்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை. பின்னாளில் பன்னாட்டு நீதிமன்றத்தில் இந்த இரண்டும் தாய்லாந்தைக் கவிழ்த்துவிட்டன. 1962 ஜூன் 15 அன்று 9-க்கு 3 என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்குப் போனது. வழக்குச் செலவுக்காகத் தலைக்கு ஒரு பாட் கொடுத்திருந்த தாய்லாந்து மக்களுக்கு அது ஆறாத காயம்.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட விஷயம் ஆரம்பம். தீர்ப்பு வந்தால் கொடியை இறக்கிவிட்டு வர வேண்டும், அதுதான் முறை. தாய்லாந்துப் படை கொடியை இறக்கவில்லை. கொடி பறந்தபடியே கம்பத்தை அடியோடு பெயர்த்தெடுத்து, தூக்கிக்கொண்டு பக்கத்து மோ ஈ தேங் பாறைக்கு வந்து நட்டுவிட்டது. தெருக் கிரிக்கெட்டில் அவுட் ஆனவன், ‘பேட் என்னுது’ என்று எடுத்துக்கொண்டு போவானே, அதேதான். சட்டப்படி அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் பாங்காக்கில் இருந்த இராணுவ ஆட்சிக்கு ‘நாங்கள் கொடியை இறக்கவே இல்லை’ என்று சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் கிடைத்தது. அது போதும் அவர்களுக்கு.

மறுபக்கம் கம்போடியாவின் தலைவர் சிஹானூக் அன்று நடந்துகொண்ட விதம் பெருந்தன்மையானது. 1963 ஜனவரியில் செங்குத்து வழியாகவே மலையேறிக் கோயிலை ஏற்றுக்கொண்டவர், தாய்லாந்து மக்கள் விசா இல்லாமல் வந்து வழிபடலாம், எடுத்துப்போன பழம்பொருள்களை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை சுலபம் என்று சொல்லலாம்தான். ஆனாலும் அதற்குப் பின் வந்தவர்களில் ஜெயித்த பிறகும் அப்படி நடந்துகொண்டவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

அடுத்தது 2003. இது முழுக்க முழுக்க ஒரு வதந்தியின் கதை. சுவானந்த் கொங்யிங் என்ற தாய்லாந்து டிவி நடிகை கம்போடியாவில் அப்போது வீட்டுக்கு வீடு பிரபலம். ‘அங்கோர் வாட்டைத் தாய்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் கம்போடியா வருவேன்’ என்று அவர் சொன்னதாக ஜனவரி 18 அன்று புனோம் பென் பத்திரிகை ஒன்று எழுதியது. எங்கே, எப்போது, யாரிடம் சொன்னார் என்று யாராலும் காட்ட முடியவில்லை. அவரும் மறுத்தார். ஒரு பிரதமர் செய்ய வேண்டியது, தூதரகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. அன்றைய கம்போடியப் பிரதமர் ஹுன் சென்னோ மேடை ஏறி, அங்கோர் வாட் பக்கத்தில் முளைக்கும் நாலு புல்லுக்குக்கூட அந்த நடிகை ஈடாக மாட்டார் என்று பேசினார். தாய்லாந்து நிகழ்ச்சிகளை டிவியிலிருந்து நிறுத்தச் சொன்னார். இரண்டு நாளில், ஜனவரி 29 அன்று, கும்பல் தாய்லாந்துத் தூதரகத்தைக் கொளுத்தியது. ஓட்டல்கள், விமான நிறுவன அலுவலகம், தாய்லாந்துக்காரர்களின் கடைகள் எல்லாம் எரிந்தன. அன்றைய தாய்லாந்துப் பிரதமர் தக்சின் ஷினவத்ரா இராணுவ விமானங்களை அனுப்பித் தன் மக்களை மீட்க வேண்டியதாயிற்று. கம்போடியா பிறகு நஷ்டஈடு கட்டியது.

கம்போடியாவில் பொதுத்தேர்தல் எப்போது? அதே ஆண்டு ஜூலை.

2008-க்கு வந்தால் அரங்கம் பாங்காக்குக்கு மாறுகிறது. அந்த ஆண்டு ஜூலை 7 அன்று யுனெஸ்கோ பிரே விஹியரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதற்கு முன்பே, ஜூனில், தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் நொப்பதோன் பத்தமா கம்போடியாவை ஆதரித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டிருந்தார். அவர் செய்ததில் பெரிய தப்பு இல்லை. கோயில் கம்போடியாவுடையது என்று 1962-லேயே முடிந்த விஷயம், சுற்றியுள்ள 4.6 சதுர கி.மீ. நிலம்தான் பாக்கி. ஆனால் நொப்பதோன் தக்சினின் முன்னாள் வக்கீல். தக்சினை வெறுத்த மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. ‘கோயிலை விற்றுவிட்டான்’ என்று தெருவில் இறங்கினார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் கூட்டறிக்கை செல்லாது என்றது, ஜூலை 10 அன்று அமைச்சர் ராஜினாமா. அவர்மேல் போட்ட கிரிமினல் வழக்கு 2015 வரை இழுத்து, கடைசியில் விடுதலை ஆனார். எல்லையில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த இரு படைகளும் முகத்துக்கு முகம் நின்றன, அக்டோபரில் சுட்டுக்கொண்டன.

அந்த மஞ்சள் மேடையில் ஹுன் சென்னைத் தாதா என்று திட்டிப் பேசியவர் காசித் பிரோம்யா. பழுத்த அனுபவமுள்ள முன்னாள் தூதர். டிசம்பரில் ஆட்சி மாறியதும் அவரையே வெளியுறவு அமைச்சராகப் போட்டார்கள். (பாங்காக் விமான நிலையத்தைப் போராட்டக்காரர்கள் ஒரு வாரம் முடக்கியபோது, சாப்பாடு பிரமாதம், பாட்டு பிரமாதம், ஜாலியாக இருந்தது என்று வெளிநாட்டுத் தூதர்களிடமே சொன்னவரும் இவர்தான்.) நேற்று வரை தாதா என்றவரோடு இன்று எல்லைப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஹுன் சென் சும்மா இருப்பாரா? 2009 நவம்பரில் நாடு கடந்து திரிந்துகொண்டிருந்த தக்சினைத் தன் அரசின் பொருளாதார ஆலோசகராக நியமித்தார். ஊழல் வழக்கில் தண்டனை பெற்றுத் தாய்லாந்து தேடிக்கொண்டிருந்த ஆளை, அதன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்த மாதிரி. கம்போடியப் பொருளாதாரத்துக்குத் தக்சினின் ஆலோசனை எவ்வளவு தேவைப்பட்டது என்று தெரியாது; பாங்காக்கில் இருந்த பிரதமர் அபிசித்துக்கு எவ்வளவு எரிந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இரு நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. தக்சின் பதவியை விட்டு விலகிய பிறகு, 2010 ஆகஸ்டில்தான் தூதர்கள் திரும்பினார்கள்.

நடுவே, 2010 பிப்ரவரியில், ஹுன் சென் எல்லைக்குப் போய்விட்டு வந்து அபிசித்துக்குச் சாபம் விட்டார். தாய்லாந்துப் படை எங்கள் மண்ணில் நுழைந்ததை ஒப்புக்கொள்ளாவிட்டால் மந்திர சக்தி உன் கழுத்தை முறிக்கட்டும், கார் மோதட்டும், கரன்ட் அடிக்கட்டும், துப்பாக்கி தவறி வெடித்துச் சாகட்டும் என்ற ரீதியில். மண்ணை வாரித் தூற்றாததுதான் பாக்கி. ஒரு நாட்டுப் பிரதமர் இன்னொரு நாட்டுப் பிரதமரைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேசியது இது. படித்தால் சிரிப்பு வரும். அதே ஹுன் சென் 1985-லிருந்து பதவியில் இருந்தவர், கெமர் ரூஜ் காலத்தையும் வியட்நாம் காலத்தையும் ஐ.நா. காலத்தையும் தாண்டி வந்தவர், எதிரிகளை ஒவ்வொருவராக ஓரங்கட்டியவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நிதானம் இழந்து பேசுகிறவர் நாற்பது வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது. அவர் கோபம் எப்போது வர வேண்டுமோ அப்போது வரும். கிராமத்து மேடையில் அந்தச் சாபத்தைக் கேட்கிற விவசாயிக்கு அது புரியும், பிடிக்கும்; வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் முகம் சுளிப்பது பற்றி அவருக்கு என்ன கவலை?

2011 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் பீரங்கிச் சண்டை, உயிரிழப்பு, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓட்டம். ஜூலையில் தாய்லாந்துத் தேர்தலில் தக்சினின் தங்கை யிங்லக் ஜெயித்தார். எல்லை ‘டக்’கென்று அமைதியானது. நிலத்தில் ஒரு சென்ட் நகரவில்லை, வரைபடம் மாறவில்லை, ஆட்சி மட்டும் மாறியது. 2013 நவம்பரில் பன்னாட்டு நீதிமன்றம் கோயில் நிற்கும் மலைமுனை முழுக்கக் கம்போடியாவுடையது என்று விளக்கம் கொடுத்தபோதுகூட துப்பாக்கி வெடிக்கவில்லை. நான் ஆரம்பத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை. 2023-ல் கம்போடியா தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியை நடத்தியபோது, உலகம் முய் தாய் என்று அறிந்த குத்துச்சண்டைக்கு ‘குன் கெமர்’ என்று பெயர் வைத்தது. தாய்லாந்து அந்தப் பிரிவுக்கு வீரர்களையே அனுப்பவில்லை. இந்த மாதிரிச் சில்லறைச் சண்டைகளில் யாரும் சாகவில்லை என்பதால் அவை ஆரோக்கியமானவை என்றுகூடச் சொல்வேன்.

சரி, 2025.

பிப்ரவரியில், எல்லையில் தகராறில் உள்ள இன்னொரு கோயிலான தா முயன் தோமில் கம்போடியர்கள் சிலர் தேசிய கீதம் பாட, தாய்லாந்துச் சிப்பாய்கள் தடுத்தார்கள். வீடியோ பரவியது. மே 28 அன்று மூன்று நாட்டு எல்லைகள் சந்திக்கும் பகுதியில் சுமார் 10 நிமிடத் துப்பாக்கிச் சூடு. ஒரு கம்போடியச் சிப்பாய் இறந்தார். அதன்பின் ஜூன் மாதம் முழுக்க ஒரு பட்டியல் ஓடியது. தாய்லாந்து எல்லைச் சாவடிகளின் நேரத்தைக் குறைத்தது. கம்போடியா தாய்லாந்து சீரியலையும் சினிமாவையும் நிறுத்தியது. தாய்லாந்து வழியாக வந்த இணையமும் மின்சாரமும் வேண்டாம் என்றது. அப்புறம் காய்கறி, பழம். அப்புறம் பெட்ரோல், டீசல். தாய்லாந்து சாவடிகளையே அடைத்தது. ‘நீ என்னோடு பேசாதே, நானும் உன்னோடு பேசமாட்டேன்’ என்கிற கணக்கு.

ஆனால் தாய்லாந்தின் எல்லையோர அரண்யப்ரதேத் ஊரில் ரோங் க்லுவா என்று ஒரு பெரிய சந்தை. பழைய துணி, பை, செருப்பு எல்லாம் அங்கே மலிவு. கடை போட்டவர்களில் நிறையப் பேர் கம்போடியர்கள். காலையில் கம்போடியப் பக்கத்துப் பாய்பெட்டிலிருந்து தள்ளுவண்டியோடு எல்லை தாண்டி வந்து, சாயங்காலம் சாவடி மூடுமுன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள். நேரத்தைக் குறைத்தால் அவர்களுக்கு வியாபாரம் பாதி, சாவடியை மூடினால் முழுப் பட்டினி. தாய்லாந்தில் கட்டட வேலை, பழத்தோட்ட வேலை பார்த்த லட்சக்கணக்கான கம்போடியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சீரியலை நிறுத்த உத்தரவு போட்டவருக்குச் சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. இந்தச் சேட்டைகள் ஓயாமல் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: செய்கிறவர் புனோம் பென்னிலும் பாங்காக்கிலும் இருக்கிறார், விலை கொடுக்கிறவர் எல்லையில் இருக்கிறார்.

இனி அந்தத் தொலைபேசி. 2024 ஆகஸ்டில் 37 வயதில் தாய்லாந்துப் பிரதமரானவர் பேதோங்தார்ன், தக்சினின் மகள். 2025 ஜூன் 15 அன்று அவர் ஹுன் சென்னோடு பேசினார். ஹுன் சென் அப்போது பிரதமர்கூட இல்லை; 2023-ல் மகன் ஹுன் மானெட்டிடம் அதைக் கொடுத்துவிட்டு செனட் தலைவராக உட்கார்ந்திருந்தார். இரு குடும்பமும் பல வருஷப் பழக்கம். தக்சினும் ஹுன் சென்னும் அண்ணன் தம்பி மாதிரி. தக்சின் 2024 பிப்ரவரியில் பரோலில் வீடு வந்ததும் முதல் ஆளாக வந்து பார்த்த வெளிநாட்டுத் தலைவர்களில் ஹுன் சென் ஒருவர். அந்த உரிமையில் பேதோங்தார்ன் அவரை ‘அங்கிள்’ என்றார். தன் நாட்டின் இரண்டாம் படைப்பகுதித் தளபதி நமக்கு எதிர்ப்பக்கத்து ஆள், கெத்துக் காட்டப் பேசுகிறார், அதையெல்லாம் கண்டுகொள்ளாதீர்கள் என்றார். உங்களுக்கு என்ன வேண்டுமோ சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

‘அங்கிள்’ அதைப் பதிவு செய்திருந்தார். செய்ததோடு நிற்காமல் சுமார் 80 பேருக்கு அனுப்பிவைத்தார். அவரே பின்னால் சொன்ன கணக்கு அது. 80 பேரிடம் போனது வெளியே கசியாமல் இருக்குமா? ஜூன் 18 அன்று ஒரு துண்டு வெளியானது. உடனே முழு 17 நிமிடத்தையும் தன் ஃபேஸ்புக்கில் அவரே போட்டார். அன்றே கூட்டணியின் இரண்டாவது பெரிய கட்சியான பூம்ஜாய்தாய் ஆட்சியிலிருந்து விலகியது. ஜூலை 1 அன்று நீதிமன்றம் பிரதமரை இடைநீக்கம் செய்தது, ஆகஸ்ட் 29 அன்று பதவி பறிபோனது. செப்டம்பரில் அந்த பூம்ஜாய்தாய் கட்சியின் தலைவர் அனுதின் சர்ன்விரகுல் பிரதமர். அதே செப்டம்பரில் தக்சின் சிறைக்குப் போனார்.

இந்த இருவரில் யார் குழந்தைத்தனமாக நடந்துகொண்டார்? பெரும்பாலான பத்திரிகைகள் ஹுன் சென்னைச் சொல்லின. நண்பரின் மகளுடைய பேச்சைப் பதிவு செய்து ஊருக்கு ஒலிபரப்புவது அநாகரிகம், நம்பிக்கைத் துரோகம், எல்லாம் சரி. ஆனால் குழந்தைத்தனம் இல்லை. எதிரி நாட்டு அரசை ஒரு தோட்டா செலவில்லாமல் வீட்டுக்கு அனுப்பிய வேலை அது. நான் மேலே கால்வாசி என்று சொன்னது பேதோங்தார்ன் செய்தது. நாட்டு விவகாரத்தை வீட்டு விவகாரம் என்று அவர் மனதார நம்பினார். அப்பாவின் நண்பர், சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர், கெஞ்சிக் கேட்டால் விட்டுக்கொடுப்பார் என்று நம்பினார். அந்த அழைப்பில் மொழிபெயர்ப்பாளர்கூடக் கம்போடியத் தரப்பு ஆள். அதுவோ தனிப்பட்ட அழைப்பு. பேச்சின் நோக்கம் நல்லதுதான், சண்டை வேண்டாம், சாவடிகளைத் திறப்போம் என்பதுதான். அதை இன்றைக்கும் பலர் சொல்லிப் பரிதாபப்படுகிறார்கள். எனக்கும் பரிதாபம் உண்டு. ஆனால் தன் படைத்தளபதியை எதிர்நாட்டுத் தலைவரிடம் விட்டுக்கொடுத்துப் பேசிய பிரதமரைப் படை நம்பாது. படை நம்பாத பிரதமரால் எல்லையில் படையைக் கட்டுப்படுத்த முடியாது. ஜூலையில் நடந்தது அதுதான்.

ஜூன் 27 அன்று ஹுன் சென் டிவியில் மூன்று மணிநேரம் பேசினார். எல்லையைப் பற்றி அல்ல, பெரும்பாலும் தக்சினைப் பற்றி. அவர் நோயாளி வேஷம் போட்டார் என்பதுவரை வீட்டு ரகசியங்களைக் கொட்டினார். சிறைக்குப் பதில் தக்சின் மருத்துவமனையில் இருந்தது பாங்காக்கில் ஏற்கெனவே வழக்காக ஓடிக்கொண்டிருந்தது என்பதால் அதுவும் குறி பார்த்து எறிந்த கல்தான்.

ஜூலை 16-லும் 23-லும் கண்ணிவெடியில் தாய்லாந்துச் சிப்பாய்கள் கால் இழந்தார்கள். தாய்லாந்து, கம்போடியத் தூதரை வெளியேற்றியது. 24-ஆம் தேதி காலை தா முயன் தோம் அருகே சண்டை ஆரம்பித்தது. ஒரு பக்கம் பிஎம்-21 ராக்கெட், மறுபக்கம் எஃப்-16 விமானம். சீசகேட் மாகாணத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த செவன்-லெவன் கடைமேல் ராக்கெட் விழுந்தது. உள்ளே சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இறந்தார்கள், பிள்ளைகளும் உண்டு. அதே நாளில் பல நாடுகள் சமரசம் செய்ய முன்வந்தபோது, தக்சின் எக்ஸ் தளத்தில் எழுதியது: கொஞ்சம் பொறுங்கள், முதலில் நம் படை ஹுன் சென்னுக்குப் பாடம் புகட்டட்டும். ஐந்து நாளில் இரு பக்கமும் சேர்த்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மூன்று லட்சம் பேருக்கு அகதி முகாம். இரண்டு முதியவர்களின் நட்பு முறிந்த கதைக்கு இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

சண்டையை நிறுத்தியது யார் என்பதும் இதே ரகம்தான். ‘நிறுத்தாவிட்டால் வரிப் பேச்சு கிடையாது’ என்று டிரம்ப் மிரட்ட, மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராகிம் ஜூலை 28 அன்று புத்ராஜெயாவில் இருவரையும் உட்காரவைத்தார். பிறகு இரு நாட்டுக்கும் ஒரே மாதிரி 19 சதவீத வரி. ஹுன் மானெட் நன்றியாக டிரம்புக்கு நோபல் அமைதிப் பரிசு கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். கடிதம் எழுதியவர் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் படித்தவர்; எதற்கு எழுதுகிறோம் என்று நன்றாகத் தெரிந்து எழுதியது.

அக்டோபரில் இன்னொரு கூத்து. சா கேயோ மாகாண எல்லையில், கம்போடியக் குடும்பங்கள் குடியிருந்த தகராறு நிலத்தைப் பார்த்து, ராத்திரியில் பெரிய ஒலிபெருக்கிகளில் பேய் அலறும் சத்தமும் விமானச் சத்தமும் போட்டார்கள். செய்தது தாய்லாந்தின் சமூக வலைத்தளப் பிரபலம் ஒருவர். கம்போடிய மனித உரிமைக் குழு ஐ.நா.வுக்கே புகார் எழுதியது. ஹுன் சென் அதைத் தன் பக்கத்தில் எடுத்துப் போட்டார். பேய்ச் சத்தம் போட்டவரை அரசு அழைத்து இரண்டு வார்த்தை கண்டித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவர் பக்கம் லட்சக்கணக்கான ‘லைக்’. எந்த அமைச்சர் அதில் கை வைப்பார்? முன்பெல்லாம் தலைவர்கள் கூட்டத்தைத் தூண்டிவிட வேண்டியிருந்தது. இப்போது கூட்டம் முன்னால் ஓட, தலைவர்கள் பின்னால் ஓடுகிறார்கள்.

அதே அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் டிரம்ப் முன்னிலையில் கையெழுத்தான உடன்பாடு, நவம்பரில் இன்னொரு கண்ணிவெடியில் நின்றுபோனது. டிசம்பர் 8 வாக்கில் மறுபடி முழுச் சண்டை. 10-ஆம் தேதி பாங்காக்கில் நடந்துகொண்டிருந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டிலிருந்து கம்போடியா தன் வீரர்களைத் திருப்பி அழைத்தது. 12-ஆம் தேதி அனுதின் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலுக்கு வழி செய்தார். 27-ஆம் தேதிதான் போர்நிறுத்தம். தேதி பாருங்கள் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

‘அப்படியானால் பெரியவர்கள் மாதிரி நடந்துகொள்ள வழியே இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருந்தது, இருக்கிறது. சுமார் 800 கி.மீ. எல்லையில், பிரெஞ்சுக் காலத்தில் 1909 முதல் நட்ட 70-க்கும் மேற்பட்ட எல்லைத் தூண்கள் உண்டு. ஆனால் சோங் சா-ங்கம் முதல் சோங் போக் வரை சுமார் 195 கி.மீ. தூரத்துக்கு ஒரு தூண்கூடக் கிடையாது. நீர்பிரி கோடே போதும் என்று விட்டுவிட்டார்கள். தகராறுக் கோயில்களில் பிரே விஹியர் அந்தத் தூணில்லாத பகுதியில்தான் வருகிறது. கம்போடியா கையில் 1:2,00,000 அளவு பழைய பிரெஞ்சு வரைபடம், தாய்லாந்து கையில் தானே வரைந்த 1:50,000 வரைபடம். கோடு பென்சில் கனத்தில் பிசகினாலே தரையில் நூறு, இருநூறு மீட்டர் மாறும். இதைத் தீர்க்க 2000-ல் ஓர் உடன்படிக்கை போட்டு, கூட்டு எல்லைக் குழு அமைத்தார்கள். நில அளவையாளர்களும் வெளியுறவு அதிகாரிகளும் தூண் தூணாகப் போய்ப் பார்த்து, இது இங்கேதான் இருந்தது என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடும் வேலை. 2025-லேயே, அந்தத் தொலைபேசி அழைப்பு நடந்த ஜூன் 14, 15 தேதிகளில், இந்தக் குழு புனோம் பென்னில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தது. 

இந்த வேலை ஏன் ஊர்கிறது என்பதற்கும் 2008-தான் காரணம். நொப்பதோனுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு எந்தத் தாய்லாந்து அமைச்சரும் கம்போடியாவோடு எந்தக் காகிதத்திலும் மனமுவந்து கையெழுத்துப் போடுவதில்லை. எல்லைக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகூட நாடாளுமன்றத்துக்குப் போய்ப் படுத்துக்கிடந்த காலம் உண்டு. அன்று மேடையில் கத்தியவர்களில் பலர் அரசியலிலிருந்தே ஒதுங்கிவிட்டார்கள், அவர்கள் உண்டாக்கிய பயம் ஒதுங்கவில்லை. அந்த 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கையையே ரத்து செய்யலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தும் யோசனையை அனுதின் அரசு 2025 செப்டம்பரில் கையில் எடுத்தது. ரத்தானால் தாய்லாந்து அந்தப் பழைய பிரெஞ்சு வரைபடத்திலிருந்து தப்பிக்கலாம் என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். தப்பிக்க முடியாது, 1962 தீர்ப்பு நிற்பதே அந்த வரைபடத்தின்மேல்தான். ரத்தானால் போவது, இரு நாட்டு அளவையாளர்களும் சேர்ந்து மலையேறுவதற்கு இப்போது இருக்கும் ஏற்பாடுதான்.